கைகாட்டி

வில்யாந்தி மருத்துவமனையின் நிலவறையில்
நவம்பர் மாதத்து இரண்டு சனிக்கிழமைகள்.
பதினான்கு மருத்துவர்கள், எல்லோருக்கும் ஐம்பது தாண்டியிருந்தது.
சொல்லித்தர வந்தவளுக்கு முப்பத்தொன்று.
மருந்தாளுநர், திரீனு வாரிக்.
எஸ்தோனியாவின் பாதி மருந்துச்சீட்டுகளை
அவள் படித்திருக்கிறாள் என்று பேச்சு.
"என் மகளைவிடச் சின்னவள்" என்று
ஐவோ என் காதில் முணுமுணுத்தார்.

முதல் சனிக்கிழமை ஆளுக்கொரு டப்பா தந்தாள்.
ஏழு நாள், நாளுக்கு நான்கு அறை,
எல்லாவற்றிலும் மிட்டாய்.
மஞ்சள் வெறும் வயிற்றில், வெள்ளை சாப்பாட்டோடு,
நீலத்தில் பாதி, ஒன்றுவிட்டு ஒருநாள்.
"முழுங்கிவிட்டு வாருங்கள்."

புதன் மாலையே எனக்குக் கணக்குத் தப்பியது.
வியாழனைக் காரில் கவிழ்த்துவிட்டு
பனி அப்பிய மிதியடியைத் தூக்கி
அரை நீலத்தைத் தேடினேன்.
ஐவோ எல்லாவற்றையும் திங்களன்றே தின்றுவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை திரையில் ஒரு பட்டியல்.
பெயர் இல்லை, ஊர் இல்லை.
ஆண், எண்பத்து நான்கு, மருந்துகள் பதின்மூன்று.

இரத்த அழுத்தத்துக்கு ஒன்று கொடுத்தார்கள்,
கணுக்கால் வீங்கியது.
வீக்கம் வடிய ஒன்று,
ராத்திரியில் ஐந்து முறை எழுந்தார்.
சிறுநீரைக் கட்ட ஒன்று,
பேச்சு நடுவே சொல் தொலைந்தது.
தொலைந்த சொல்லைத் தேட ஒன்று,
அது வயிற்றைப் புரட்டியது.
வயிற்றுக்கு ஒன்று.
குழியை மூட மண் வேண்டிப்
பக்கத்திலே இன்னொரு குழி.
நிற்கத்தான் இடமில்லை.

கடைசி வரி, தூக்கத்துக்கு:
அரை மாத்திரை, ஒன்றுவிட்டு ஒருநாள்.

"எழுதியவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டாள்.
"அவசரக்காரர்" என்றது பின்வரிசை.
அரை மாத்திரையை அப்படி எழுதுவது
இந்த மாவட்டத்தில் நான் மட்டும்தான்.
காப்பி ஆறிக்கொண்டிருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

பிறகு நடிக்கச் சொன்னாள்.
ஐவோ மருத்துவர், நான் நோயாளி.
"இதை நிறுத்திவிடலாம்" என்று
தாளைப் பார்த்துப் படித்தார்.
யாரும் எழுதித் தராத வசனம் என் வாயில் வந்தது:
"அப்படியென்றால் என்னைக் கைவிட்டுவிட்டீர்களா?"

திரீனு பேனாவை மூடினாள்.
"இதற்குத்தான் இரண்டு சனிக்கிழமை."

அந்தக் கேள்விக்குப் பதிலை
ஒரு வாரம் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன்.
ஹெல்துர் கூபர்செப் வந்து உட்கார்ந்தார்.
வால்கா ரயில் நிலையத்தில்
முப்பத்தாறு வருடம் கைகாட்டி இழுத்தவர்.
ஒவ்வொன்றாகக் குறைப்போம்,
முதலில் சிறுநீர் மருந்து என்றேன்.
அவர் கேட்டது வேறு கேள்வி.
"இத்தனை நாள் தின்றது... தப்பா?"

"அன்றைக்குச் சரிதான்.
சேர்த்ததும் நான், அப்புறம் திரும்பிப் பார்க்காததும் நான்."

சொல்லைத் தேடிக் கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தார்.
"ரயில் போனதும் கைகாட்டியைத்
திருப்பி வைக்காவிட்டால்
எங்கள் காலத்தில் சம்பளத்தைப் பிடிப்பார்கள், டாக்டர் மால்லே."

டிசம்பரில் ஒன்று போயிற்று, பாதி பாதியாக.
ஜனவரியில் இரண்டு.
அழுத்தம் ஏறிய ஒரு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை;
வேறொன்றைச் சிறிய அளவில் திரும்ப எழுதினேன்.
கணினியில் "நீக்கு" என்றொரு பொத்தான் இருந்தது,
ஏன் என்று எழுத இடமில்லை.
முகவரிக் கட்டத்துக்குள் எழுதிவைத்தேன்.

மார்ச்சில் மருந்துகள் எட்டு.
சொற்கள் திரும்பி வந்திருந்தன.
வந்தவற்றையெல்லாம் என்மேல்தான் எறிந்தார்:
மூன்று வருடம் முன்பு நான் சொல்லித்தான்
மகள் கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டாளாம்,
அந்தச் சீட்டில் என் கையெழுத்து
கோணலாக இருந்ததாம்.

கண்ணைச் சோதிக்க வேண்டும்,
சாவியைப் பற்றி அடுத்த முறை பேசலாம் என்றேன்.

நாட்காட்டியைப் புரட்ட நான் குனியும் முன்பே
தேதியைச் சொன்னார்,
கிழமையோடு.